ரவுடிக்கு இலவச விளம்பரம் கொடுப்பது யார்?

குடியாத்தம் பக்கம் அரசுப் பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய பதினொன்றாம் வகுப்பில் இரண்டு பையன்கள், கொலை வழக்கில் கைதான ஒருவன் போலீஸ் வேனிலிருந்து இறங்கி நடக்கும் வீடியோவை ஸ்டேட்டஸாக வைத்திருக்கிறார்கள். ஸ்லோ மோஷன், பின்னால் அதிரும் இசை. ஏன்டா என்று கேட்டால் "கெத்து சார்" என்கிறார்களாம். இதற்குப் பத்திரிகையும் டிவியும்தானே காரணம்? அமெரிக்காவில் குண்டு வைத்தவனை அட்டையில் போட்ட பத்திரிகையைக் கடைக்காரர்களே விற்க மறுத்தார்களாமே, நம் ஊரில் அப்படி ஒரு எதிர்ப்பு ஏன் வருவதில்லை? இதையெல்லாம் ஒட்டுமொத்தமாகத் தடை செய்தால் என்ன? இவைதான் அவர் கேள்விகள்.

வேலூரில் நாளிதழ் ஒன்றில் குற்றச் செய்தியும் கோர்ட் செய்தியும் பார்த்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். உங்கள் கோபம் நியாயமானது. தடை என்ற கடைசிப் பகுதியில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. காரணத்தைப் போகப் போகச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் பள்ளிக்கூடத்திலோ தியேட்டரிலோ துப்பாக்கியோடு நுழைகிறவன் பெரும்பாலும் தனி ஆள். அவனுக்குப் பணம் பெரிதில்லை, பெயர்தான் வேண்டும். நம் பக்கத்து ரவுடி அப்படி இல்லை. அவனுக்கு இது தொழில். நிலத்தகராறில் ஒரு பக்கம் நின்று மிரட்டுவது, கட்டப்பஞ்சாயத்து, பாலாற்று மணல், மார்க்கெட் மாமூல், கந்துவட்டி வசூல் என்று பல வருமானம். எல்லாவற்றுக்கும் முதல் ஒன்றுதான், பயம். அவன் வந்து உட்கார்ந்தாலே எதிராளி கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். கத்தியை எடுக்கும்படி ஆகிவிட்டால் அவனுக்கே நஷ்டம். கேஸ், வக்கீல், ஜாமீன், வாய்தா என்று செலவு ஆரம்பித்துவிடும். கத்தியை எடுக்காமலே காரியம் நடக்க வேண்டும் என்றால் ஊருக்குள் பெயர் பரவியிருக்க வேண்டும். அந்தப் பெயரைக் காசு வாங்காமல் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது செய்தி.

அதனால்தான் "ஹீரோவாகக் காட்டாதீர்கள்" என்று மட்டும் கேட்பது போதாது என்கிறேன். வில்லனாகக் காட்டினாலும் அவனுக்கு லாபம்தான். "நடுங்கும் வேலூர்", "போலீசுக்குத் தண்ணி காட்டும் தாதா" என்று தலைப்பு போடுகிறவர் கண்டிக்கும் நோக்கத்தில்தான் போடுகிறார். அதைப் படிக்கும் மனைத்தரகர் மனதில் வேறு மாதிரி பதிகிறது. அடுத்த வாரம் அந்தப் பெயரைச் சொல்லி ஒருவன் போன் செய்தால் அவர் மறுபேச்சுப் பேச மாட்டார். கண்டனமும் புகழும் ரவுடியின் கல்லாவில் ஒன்றாகத்தான் விழுகின்றன.

ஒரு கொலைச் செய்தி எப்படித் தயாராகிறது என்று தெரிந்தால் மீதி புரியும். நிருபர் காலையில் ஸ்டேஷன்களுக்குப் போன் போடுவார், ஸ்பாட்டுக்குப் போவார், பிணவறை வாசலில் நிற்பார். சாயங்காலத்துக்குள் எஃப்.ஐ.ஆர். விவரமும் போலீஸ் செய்திக்குறிப்பும் வந்துவிடும். அதில் இறந்தவரைப் பற்றி இருப்பது பெயர், வயது, தகப்பனார் பெயர், தெரு. அவ்வளவுதான். கைதானவனைப் பற்றியோ ஒரு பக்கம் இருக்கும். "என்கிற" போட்டு ஒரு பட்டப்பெயர், நிலுவையில் உள்ள வழக்குகள், குண்டர் சட்டத்தில் உள்ளே போய் வந்த கணக்கு, ரவுடிப் பட்டியலில் ஏ பிளஸ்ஸா, ஏ-யா, பி-யா, சி-யா என்ற தரம். யாரை எவ்வளவு கண்காணிக்க வேண்டும் என்று போலீஸ் தன் வசதிக்காகப் பிரித்து வைத்த தரம் அது. அச்சில் வந்ததும் பையன்கள் அதைப் பழைய பிளஸ் டூ ஸ்டேட் ரேங்க் மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள்.

படத்திலும் இதே கதைதான். இறந்தவரின் படம் என்று கிடைப்பது ரேஷன் கார்டிலோ வாக்காளர் அட்டையிலோ இருக்கும் மங்கலான முகம். கைதானவனின் படம் அவனுடைய இன்ஸ்டாகிராமிலேயே இருக்கிறது. கண்ணாடி, புல்லட், பின்னால் நாலு பேர். அவனே தேர்ந்தெடுத்து, வெளிச்சம் பார்த்து எடுத்துப் போட்ட படம். டெஸ்க்கில் இருப்பவருக்கு டெட்லைன். எது பளிச்சென்று இருக்கிறதோ அது பெரிதாகப் போகிறது. இதில் யாரும் உட்கார்ந்து சதி செய்வதில்லை. ஆனால் மறுநாள் காலை டீக்கடையில் பேப்பரைப் பிரிப்பவர் கொலைகாரனை அவன் விரும்பிய தோற்றத்தில்தான் பார்க்கிறார்.

நீங்கள் சொன்ன அமெரிக்க விவகாரமும் அச்சு அசலாக இதுதான். 2013 ஏப்ரல் 15 அன்று பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். 260-க்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள், பலருக்குக் கால் போனது. அந்த ஜூலையில் ரோலிங் ஸ்டோன் இதழ், குண்டு வைத்த இரு சகோதரர்களில் இளையவனை அட்டையில் போட்டது. கலைந்த சுருள்முடி, நேரே பார்க்கும் கண்கள். பாட்டுக்காரர்களின் படம் வருகிற அட்டை அது. சிவிஎஸ், வால்கிரீன்ஸ் போன்ற பெரிய கடைச் சங்கிலிகள் விற்க மாட்டோம் என்றன. பாஸ்டன் மேயர், அட்டைக்குத் தகுதியானவர்கள் பிழைத்தவர்களும் காப்பாற்றியவர்களும்தான் என்ற பொருளில் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்.

இந்தக் கதையில் பலர் விட்டுவிடும் விஷயங்கள் சில உண்டு. அந்தப் படம் அவனே எடுத்து இணையத்தில் போட்டிருந்தது. அதற்கு முன்பே நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் வந்தது, அப்போது இவ்வளவு சத்தம் எழவில்லை. உள்ளே இருந்த கட்டுரை அவனைப் புகழவில்லை. சாதாரணப் பையன் எப்படி அந்த இடத்துக்குப் போனான் என்று விசாரித்து எழுதிய நல்ல செய்திக்கட்டுரை. இவ்வளவு எதிர்ப்புக்கும் பிறகு அந்த இதழ் கடைகளில் வழக்கத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விற்றது. அதனால் புறக்கணிப்பு என்றால் வெற்றி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். என் கணக்கில் அந்த எதிர்ப்பில் உருப்படியானது மேயரின் கடிதம்தான். அவர் இதழைத் தடை செய்யச் சொல்லவில்லை. இடம் யாருக்குப் போக வேண்டும் என்று சொன்னார்.

நியூசிலாந்தில் 2019 மார்ச்சில் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேரைக் கொன்றவனின் பெயரை நான் உச்சரிக்க மாட்டேன் என்று பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன் நாடாளுமன்றத்தில் சொன்னார். அங்கே அது சரி. அவன் தேடியதே பெயர்தான். அதே விதியை வேலூருக்கு அப்படியே கொண்டுவந்தால் வேறு யாருக்கோ உதவியாகிவிடும். நம் ஊர் ரவுடிக்குப் பின்னால் ஒரு கட்சிக்காரர் இருப்பார், ஒரு நிலம் இருக்கும், சில சமயம் ஒரு காவல்துறை அதிகாரியும் இருப்பார். அவன் பெயரை மூடினால் அவர்கள் பெயரும் சேர்ந்து மூடிக்கொள்ளும்.

இதற்கு நம் மண்ணோடு தொடர்புள்ள வழக்கே ஒன்று இருக்கிறது. பாலாற்றுக்கு வடக்கே காட்பாடிப் பக்கத்துக் காங்கேயநல்லூர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவர் வாரியார் சுவாமிகள். ஆட்டோ சங்கர் பிறந்ததும் அந்த ஊர்தான். அவன் செய்ததெல்லாம் சென்னை திருவான்மியூரில். ஆறு கொலைகள். 1988-ல் பிடிபட்டான், 1990-ல் சென்னை மத்திய சிறையிலிருந்து தப்பினான், ஒடிசாவின் ரூர்கேலாவில் மறுபடி சிக்கினான், 1991-ல் செங்கல்பட்டு செஷன்ஸ் கோர்ட் மரண தண்டனை விதித்தது, 1995 ஏப்ரல் 27-ல் சேலம் சிறையில் தூக்கு.

சிறையில் இருந்தபோது அவன் தன் கதையை முந்நூறு பக்கத்துக்கு எழுதினான். அதை வெளியிடப்போவதாக நக்கீரன் அறிவித்தது. உயர் போலீஸ் அதிகாரிகளுக்கும் தனக்கும் இருந்த தொடர்புகளை அவன் எழுதியிருப்பதாகச் செய்தி வந்ததும், வெளியிடாதே என்று சிறைத்துறைத் தலைமையிடமிருந்து பத்திரிகைக்குக் கடிதம் போனது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1994 அக்டோபர் 7 அன்று நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பு இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடம். பொது ஆவணங்களில் உள்ள அளவுக்கு ஒருவரின் கதையை அவர் சம்மதம் இல்லாமலும் வெளியிடலாம். அதைத் தாண்டி அவரது சொந்த வாழ்க்கைக்குள் நுழைந்தால் பத்திரிகைதான் விளைவுகளுக்குப் பொறுப்பு. தங்கள் பெயர் கெட்டுவிடும் என்று பயந்து அதிகாரிகள் முன்கூட்டியே தடை போட முடியாது. வந்த பிறகு வேண்டுமானால் வழக்குப் போடலாம். பாலியல் வன்முறைக்கும் கடத்தலுக்கும் ஆளான பெண்களின் பெயர் பொது ஆவணத்தில் இருந்தாலும் வெளியிடக் கூடாது என்று ஒரு விதிவிலக்கையும் அந்தத் தீர்ப்பே சொல்லிவிட்டது.

நான் தடைக்கு எதிராக நிற்பதற்குக் காரணம் இந்த வழக்கு. அன்று தடை கேட்டது யார்? கொலையானவர்களின் குடும்பமா? இல்லை, அதிகாரிகள். கொலைகாரனைப் புகழ்கிறார்கள் என்ற நியாயமான கோபத்தைத் தங்கள் குடையாகப் பிடித்துக்கொள்ள எப்போதும் யாராவது தயாராக இருப்பார்கள்.

அதே சமயம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஆட்டோ சங்கர் பெயர் இன்றைக்கும் இருபது வயதுப் பையனுக்குத் தெரிகிறது, வெப் சீரிஸ் வரை வந்துவிட்டது. செத்த ஆறு பேரைப் பற்றி யாருக்காவது ஒரு வரி தெரியுமா? அவர்கள் எங்கே வேலை பார்த்தார்கள், யாரை விட்டுப் போனார்கள்? போலீசுக்கு எதிரான செய்தி என்ற துணிச்சல் அந்தப் பத்திரிகைக்கு இருந்தது. இறந்தவர்களின் கதையைத் தேடிப் போகும் பொறுமை பிறகு வந்த யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

வீரப்பன் விஷயத்திலும் இது நடந்தது. ஜவ்வாது மலையும் திருப்பத்தூர் சந்தனக் கிடங்கும் இருக்கிற பகுதிக்காரர்களுக்குச் சந்தனக் கடத்தல் என்பது தூரத்துக் கதை இல்லை. 1993 ஏப்ரலில் மாதேஸ்வரன் மலைப் பக்கம் பாலாறு என்ற இடத்தில் கண்ணிவெடியில் 22 பேர் இறந்தார்கள் (நம் பாலாறு இல்லை, அது வேறு). மீசையும் துப்பாக்கியும் எல்லோருக்கும் தெரியும், அந்த 22 பேரில் வனக்காவலர்களும் உளவு சொன்ன கிராமத்தவர்களும் இருந்தார்கள் என்பது தெரியாது. இன்னொரு பக்கம், அவனைத் துரத்திய அதிகாரிகளின் வீரக்கதைகள் யூடியூப்பில் பாகம் பாகமாக ஓடுகின்றன. இரண்டு வீரக்கதைகளுக்கும் நடுவில் காணாமல் போனவர்கள் மலையடிவார மக்கள். 1992 ஜூனில் சந்தனக் கட்டை தேடி வனத்துறையினரும் போலீசாரும் தர்மபுரி மாவட்டம் வாச்சாத்திக்குள் போனபோது 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களில் 2011-ல் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது, 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இந்தத் தீர்ப்பை வைத்து யாரும் மாஸ் எடிட் போடுவதில்லை.

கெட்டவனைக் காட்டுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. நம் வடாற்காட்டுக் கூத்தில் துரியோதனன் வேஷத்துக்கு இருக்கிற கம்பீரம் தர்மருக்கு உண்டா? விடிய விடிய அவனை ரசித்துப் பார்ப்பார்கள். ஆனால் பாரத யுத்தத்தின் முடிவை நடித்துக் காட்டும் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனனின் தொடை பிளந்து, திரௌபதி கூந்தலை முடிந்த பிறகுதான் ஊர் வீட்டுக்குப் போகும். ரீல்ஸில் அந்தப் படுகளம் கிடையாது. முப்பது விநாடியில் நடந்து வருகிறான், அவ்வளவோடு முடிந்துவிடுகிறது.

பழைய வட ஆற்காட்டில் செங்கம் நடுகற்கள் புகழ்பெற்றவை. அந்தப் பகுதியில் எடத்தனூரில் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த, மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று இருக்கிறது. எருமைக் கூட்டத்தைக் காக்கப் போய் இறந்த கருந்தேவகத்தி என்பவனுக்காக நட்டது. பக்கத்தில் ஒரு நாயின் உருவம். அதன் பெயர் கோவிவன், அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். இறந்தவன் பெயர் இருக்கிறது, நாயின் பெயர்கூட இருக்கிறது. கள்ளர்கள் யார் என்று இல்லை. தொறு, அதாவது கால்நடைக் கூட்டம், கவரப் போய்ச் செத்தவனுக்கும் சில இடங்களில் கல் உண்டு என்பதால் இதைப் பழந்தமிழர் அறம் என்று பெரிதுபடுத்த மாட்டேன். அந்த ஒரு கல்லை வெட்டியவருக்கு யாருக்கு இடம் கொடுப்பது என்பதில் குழப்பம் இல்லை, அதைத்தான் சொல்கிறேன்.

எங்கள் ஆபீசுக்கு ஒருமுறை கொலையான பையனின் அம்மா வந்தார். அன்றைய பேப்பரை மடித்துக் கையில் வைத்திருந்தார். "ஏன் சார், அவன் போட்டோவ அம்மாம் பெருசா போட்டுகிறீங்க. என் புள்ள போட்டோ ஸ்டாம்பு மாரி கீது. செத்தது என் புள்ளதானே?" என்றார். நல்ல படம் கிடைக்கவில்லை என்று செய்தி ஆசிரியர் சொன்னதும், பையிலிருந்து ஒரு கல்யாணப் படத்தை எடுத்து நீட்டினார். தங்கச்சி கல்யாணத்தில் அவன் சீர்த்தட்டோடு நிற்கிற படம். மறுநாள் அந்தப் படத்தோடு பத்து வரி போனது. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவன், கல்யாணக் கடனை மாதாமாதம் அடைத்துக்கொண்டிருந்தவன், ஞாயிற்றுக்கிழமை கோட்டை மைதானத்தில் கிரிக்கெட் ஆடுகிறவன். அந்தப் பத்து வரிக்கு வந்த போன்கள் முந்தைய நாள் நாலு காலம் செய்திக்கு வரவில்லை. மக்கள் கொலைகாரன் கதையைத்தான் கேட்கிறார்கள் என்று எங்கள் தொழிலில் சொல்வது ஒரு சாக்கு. கொடுத்தால் மற்றதையும் படிக்கிறார்கள்.

எதிர்ப்பு நம் ஊரில் வருவதில்லை என்கிறீர்கள். வருகிறது, ஆனால் சீக்கிரம் வழி மாறிப் போகிறது. 2018 பிப்ரவரியில் பூந்தமல்லி அருகே மலையம்பாக்கத்தில் ஒரு ரவுடி பட்டாக்கத்தியால் பிறந்தநாள் கேக் வெட்டினான், போலீஸ் சுற்றி வளைத்து அறுபதுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தது. செய்தியின் நோக்கம் போலீஸ் நடவடிக்கையைச் சொல்வது. மக்கள் மனதில் தங்கியது கேக்கும் கத்தியும். அதற்குப் பிறகு ஊர் ஊருக்குக் கத்தியால் கேக் வெட்டும் பையன்கள் கைதானார்கள். அவர்களை வைத்துப் போலீஸ் எடுக்கும் மன்னிப்பு வீடியோவையும் வெட்டி ஒட்டி இசை போட்டு எடிட் ஆக்கிவிடுகிறார்கள்.

கோகுல்ராஜ் கொலையை நினைத்துப் பாருங்கள். 2015-ல் திருச்செங்கோட்டிலிருந்து கடத்தப்பட்டு, சாதியின் பெயரால் கொல்லப்பட்ட தலித் இளைஞர். முக்கியக் குற்றவாளி தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸ்அப்பில் ஆடியோ விட்டான், டிவியில் பேசினான், அக்டோபரில் ஆதரவாளர்கள் கூடி நிற்க நாமக்கல்லில் சரணடைந்தான். போலீஸ் தேடுகிற ஆள் டிவியில் பேசுகிறான் என்றால் அது செய்தியா, சேவையா? எதிர்ப்பு எழுந்தது, அடங்கியது. அவனை வீழ்த்தியது அந்த எதிர்ப்பு இல்லை. சாட்சிகள் பல்டி அடித்தபோதும் விடாமல் கோர்ட்டுக்கு வந்த கோகுல்ராஜின் அம்மாவும், வழக்கை நடத்திய வக்கீல்களும்தான். 2022 மார்ச்சில் ஆயுள் தண்டனை, 2023-ல் உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. சரணடைந்த நாளுக்குக் கிடைத்த நேரலையில் பாதிகூடத் தீர்ப்பு நாளுக்குக் கிடைத்ததாக எனக்கு நினைவில்லை.

வடக்கே கும்பல் தலைவன் லாரன்ஸ் பிஷ்னோய் விவகாரம் இன்னும் பச்சை. 2023 மார்ச்சில், காவலில் இருந்தவனின் இரண்டு பேட்டிகள் தேசிய டிவியில் வந்தன. பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கில் சிறப்புக் குழு விசாரித்தது. பேட்டிகளில் ஒன்று மொஹாலி மாவட்டம் கரரில் போலீஸ் வளாகத்துக்குள்ளேயே எடுக்கப்பட்டது என்று தெரிந்தது. ஒரு டிஎஸ்பி 2025 ஜனவரியில் பணிநீக்கம் செய்யப்பட்டார். 2024 நவம்பரில் அவன் படம் போட்ட டி-ஷர்ட்டுகள் ஆன்லைன் கடைகளில் வந்தன, மக்கள் கண்டித்ததும் எடுத்துவிட்டார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டி-ஷர்ட் எதிர்ப்பு ஒரு வாரத்தில் முடிந்துபோன சமாச்சாரம். பேட்டியை எடுக்க விட்டது யார் என்று கேட்ட கேள்விதான் ஓர் அதிகாரி வரை போய் முட்டியது.

எதிர்ப்பு வழி மாறுகிறது என்று சொன்னேனே, அதில் எனக்கு அதிகம் பயம் தருவது மாவுக்கட்டு. ரவுடி பாத்ரூமில் வழுக்கி விழுந்து கை உடைந்துவிட்டது என்று செய்தி வந்தால், கமென்ட் பகுதி முழுக்கச் சிரிப்பு. கொலைகாரனைக் கொண்டாடுவதைக் கண்டித்த அதே ஆட்கள், கையை உடைத்தவரைக் கொண்டாடுகிறார்கள். 2019 டிசம்பர் 6 அன்று ஹைதராபாத்தில் பெண் டாக்டர் கொலை வழக்கின் நால்வரைப் போலீஸ் சுட்டபோது பூத் தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம், கொல்லும் நோக்கத்தோடே சுட்டார்கள் என்று 2022-ல் அறிக்கை கொடுத்தது. நால்வரில் மூவர் மைனர்கள் என்றும் சொன்னது. கத்தி வைத்திருப்பவனை ரசிக்கும் பையனும் லத்தி வைத்திருப்பவரை ரசிக்கும் பெரியவரும் பார்ப்பது ஒரே படத்தைத்தான், கதாநாயகன் மட்டும் வேறு.

சரி, என்ன செய்யலாம்? விதிகள் ஏற்கெனவே இருக்கின்றன. வன்முறை செய்தவர்களின் செயலையோ பேச்சையோ சாவையோ பெருமைப்படுத்தும் விதத்தில் வெளியிடக் கூடாது, சமூக விரோதிகளைப் பெருமைப்படுத்தும் பேட்டி கூடாது என்று இந்தியப் பிரஸ் கவுன்சிலின் நடத்தை விதிகள் சொல்கின்றன. நாளிதழ் என்றால் முதலில் ஆசிரியருக்கு எழுத வேண்டும், பதில் திருப்தி இல்லை என்றால் செய்தி வந்த இரண்டு மாதத்துக்குள் கவுன்சிலுக்கு அனுப்பலாம். அவர்களால் கண்டிக்கத்தான் முடியும், தண்டிக்க முடியாது. டிவிக்குத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2023 செப்டம்பரில் ஓர் அறிவுரை அனுப்பியது, கடுமையான குற்றச்சாட்டு உள்ளவர்களுக்கு மேடை தராதீர்கள் என்று. ஓடிடி, இணையச் செய்தித் தளங்களுக்கு 2021 விதிகளின்படி குறைதீர் அதிகாரி இருக்க வேண்டும், பதினைந்து நாளில் பதில் தர வேண்டும். வீட்டு மாடியில் உட்கார்ந்து "திருந்திய ரவுடி மனம் திறக்கிறார்" என்று பேட்டி எடுக்கும் யூடியூப் சேனல்களிடம் இதெல்லாம் பெரிதாகச் செல்லுபடியாகாது.

என் அனுபவத்தில் அதிகம் வேலை செய்வது ஆசிரியருக்குப் போகும் கடிதம்தான். "இந்தச் செய்தி மோசம்" என்று எழுதினால் படித்துவிட்டு ஓரமாக வைத்துவிடுவார்கள். "போன வருஷம் நாலு காலம் போட்டீர்களே, அந்த வழக்கு இப்போது எந்த நிலையில் இருக்கிறது? இறந்தவர் குடும்பத்துக்கு என்ன ஆயிற்று? அந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது?" என்று எழுதிப் பாருங்கள். இதற்குப் பதில் சொல்ல நிருபரை அனுப்பியாக வேண்டும். ரவுடிக்கும் இந்த மாதிரிச் செய்திதான் பிடிக்காது. பயமுறுத்தும் தலைப்பு அவனுக்கு வருமானம். நிலத்தின் சர்வே நம்பரோடு வரும் செய்தி அவனை அனுப்பியவருக்கே தலைவலி, அடுத்த வேலைக்குக் கூப்பிட யோசிப்பார்.

உங்கள் பையன்களுக்கு வருகிறேன். போனைப் பிடுங்குவதோ பிரேயரில் நிற்க வைத்துத் திட்டுவதோ அவர்களுக்கு இன்னும் கெத்தாகத்தான் போகும். அவர்களைக் கோர்ட்டுக்குக் கூட்டிப் போங்கள். கொலை வழக்கு விசாரணை பொதுவாகத் திறந்த நீதிமன்றத்தில்தான் நடக்கும். பாலியல் வழக்குகளும் சிறார் வழக்குகளும் தவிர மற்றவற்றை யாரும் உட்கார்ந்து பார்க்கலாம், இது சட்டத்திலேயே உள்ள உரிமை. மாணவர்கள் என்பதால் முன்கூட்டியே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குப் பள்ளியின் லெட்டர்பேடில் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். பள்ளிகளுக்குச் சட்ட விழிப்புணர்வு நடத்துவது அவர்கள் வேலைதான், ஏற்பாடு செய்து தருவார்கள்.

வேலூர் சத்துவாச்சாரி கோர்ட்டில் ஒரு காலைப் பொழுது போதும். வேனிலிருந்து இறங்கி நடக்கும் அந்த அரை நிமிடத்தை ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நடப்பதைப் பார்க்கட்டும். டவாலி பெயரைக் கூப்பிடுவார், ஆள் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான், சாட்சி வரவில்லை, வாய்தா. இதற்காக அவன் வீட்டார் காலையிலிருந்து வராந்தாவில் டிபன் டப்பாவோடு உட்கார்ந்திருப்பார்கள். ஜூனியர் வக்கீல் அவன் அம்மாவிடம் பேட்டா கேட்டுக்கொண்டிருப்பார். நிபந்தனை ஜாமீனில் வந்தவன் என்றால் பெரும்பாலும் தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டாக வேண்டும், எந்த வேலைக்கும் போக முடியாது. கூண்டுக்கு எதிர்ப்பக்கம் இறந்தவர் வீட்டாரும் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் யார் என்று நீங்கள் சுட்டிக்காட்ட வேண்டாம், பையன்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பத்தரைக்கு முன்னால் உள்ளே போய்ப் பின் வரிசையில் உட்காருங்கள். போன்களை வாங்கி ஒரு பையில் போட்டு நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே யாராவது வீடியோ எடுத்தால் நீதிபதி விட மாட்டார், அப்புறம் அதற்கும் ஒரு ஸ்டேட்டஸ் வந்துவிடும்.